வாசகர் கேள்வி–பதில்: சீன மொழியில் நலம் விசாரிப்பது எப்படி?

ஆங்கிலத்தில் உருவான உடல்நல வினாப்படிவங்களைச் சீன மொழி பேசுவோருக்கு ஏற்றவாறு மாற்றியமைப்பது குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். சீனச் சொற்களின் ஒலிப்பைத் தமிழெழுத்தில் தோராயமாகவே தர முடிகிறது என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் முதியோர் நல ஆய்வொன்றில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் ஆங்கில வினாப்படிவத்தை ஒருவர் சீனத்தில் மொழிபெயர்த்தார். மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இதற்குப் பிறகும் முதியவர்கள் சிலரிடம் படிவத்தைக் காட்டிப் பேசிப் பார்க்க வேண்டும் என்கிறார் எங்கள் ஆய்வுத் தலைவர். அது தேவைதானா?

பதில்: தேவை. மீள்மொழிபெயர்ப்பு அச்சுப் பிசகாமல் மூலத்தோடு பொருந்தினால் எனக்குச் சற்று ஐயமே எழும். ஆங்கிலத்தில் மனச்சோர்வை நீல நிறத்தோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு உண்டு. அதை ஒருவர் சொல்லுக்குச் சொல் சீனத்தில் வைத்துவிட்டால், திரும்பப் பெயர்ப்பவர் ஆங்கிலம் நன்கறிந்தவர் ஆதலால், எந்தச் சிரமமும் இன்றி அதே ஆங்கிலத் தொடருக்கு வந்து சேர்வார். தாளில் இரண்டும் அழகாகப் பொருந்திவிடும். படிவத்தைக் கையில் வாங்கும் மூதாட்டிக்கோ, தன் உடம்பின் நிறத்தைப் பற்றி யாரோ விசாரிப்பதாகத் தோன்றும். மொழிபெயர்ப்பு எவ்வளவு மோசமாகச் சொல்லைப் பின்தொடர்கிறதோ அவ்வளவு நன்றாக மீள்மொழிபெயர்ப்பு பொருந்தும் என்பதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை.

உடல்நலத்தை அளக்கும் எஸ்எஃப்-36 என்னும் 36 கேள்விப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அமெரிக்க மூலம், ஒரு மைலுக்கு மேல் நடக்க முடிகிறதா, தெருக்கட்டங்கள் சிலவற்றைக் கடக்க முடிகிறதா, பந்துருட்டு ஆட்டமோ கோல்ஃபோ ஆட முடிகிறதா என்று கேட்கிறது. சீனப் பெருநிலப் பகுதியில் புழங்கும் வடிவம் தொலைவுகளை 1,500 மீட்டர், 1,000 மீட்டர், 100 மீட்டர் என்று மாற்றிக்கொண்டது. கோல்ஃப் இருந்த இடத்தில் தரை பெருக்குவதும், தாய்ச்சி என்னும் நிதானமான சீன உடற்பயிற்சியும் வந்தன. செலவாகும் உடலுழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் இந்த மாற்றம் கேள்வியின் நோக்கத்தைக் காக்கிறது. அதே படிவத்தில் உடலின் சுறுசுறுப்பைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல் ஒன்று, ‘வாழ்க்கை நிறைவாக இருப்பதாக உணர்கிறீர்களா’ என்னும் பொருள்பட மாறியிருக்கிறது. உடலின் தெம்பைப் பற்றிய கேள்வி இங்கே சத்தமில்லாமல் மனநிறைவைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. சீன வடிவங்களை ஆராய்ந்தவர்கள், ‘உயிர்த்துடிப்பு’ப் பிரிவின் மதிப்பெண் மனநலப் பிரிவோடு மிக நெருங்கி நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். இதற்கு மொழிபெயர்ப்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். உடலையும் உள்ளத்தையும் பிரித்துப் பார்க்காத மரபுக்கும் அதில் பங்குண்டு.

உங்கள் தலைவர் சொல்வதை ஆய்வுலகில் ‘புரிதல் நேர்காணல்’ என்பார்கள். 2005-இல் வெளியாகிப் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டு வழிகாட்டி ஒன்று, மொழிபெயர்ப்புப் பணியைப் பத்துப் படிகளாக வகுத்து, இதற்கு ஐந்து முதல் எட்டுப் பேர் போதும் என்கிறது. அப்படியொரு நேர்காணலில் நானும் உடனிருந்திருக்கிறேன். ‘கடந்த நான்கு வாரங்களில் உடல்வலி எவ்வளவு இருந்தது?’ என்ற கேள்விக்கு, அம்மையார் ஒருவர் ‘அறவே இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். காட்டிய கை மறுகணமே முழங்காலுக்குப் போய் அதைத் தேய்க்கத் தொடங்கியது. முழங்காலில் என்ன என்று கேட்டதற்கு, ‘இது வலி இல்லை, சுவான்’ என்றார். ‘சுவான்’ என்றால் புளிப்பு. உழைத்து ஓய்ந்த தசையிலும் தேய்ந்த மூட்டிலும் ஊறும் அந்த இழுப்புக்கும் அதுவே பெயர். மரத்துப்போவதற்கு ‘மா’, உப்பிக் கனப்பதற்கு ‘ஜாங்’ என்று தனித்தனிச் சொற்கள் இருக்க, ‘தொங்’ என்னும் வலியைக் குறிக்கும் சொல்லை மட்டும் வைத்துக் கேட்டால், அவர் அளித்த விடை முற்றிலும் உண்மையானதே. கேள்வியில் ‘வலியோ சுவானோ’ என்று ஒரு சொல்லைச் சேர்த்த பின் அவர் காட்டிய கட்டம் வேறாக இருந்தது. எந்த மீள்மொழிபெயர்ப்பும் இதைப் பிடித்திருக்காது.

கேள்வி: எளிமையாக்கப்பட்ட சீன எழுத்தில் ஒரு படிவம் கைவசம் உள்ளது. ஹாங்காங், தைவான் மக்களுக்காக அதை மென்பொருள் கொண்டு மரபெழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: எழுத்து மாறும், சொல் மாறாது. அதுதான் சிக்கல். ‘வாழ்க்கைத் தரம்’ என்னும் தலைப்பிலேயே இது தொடங்கிவிடுகிறது. பெருநிலப் பகுதியில் தரத்தைக் குறிக்கும் ‘ஜிலியாங்’, தைவானில் இயற்பியல் பாடத்தில் வரும் நிறையைக் குறிக்கும். அங்கே தரத்துக்கு ‘பின்ஜி’ என்பதே பொதுவழக்கு. ஹாங்காங்கில் அதற்கு வேறொரு சொல். தலைப்பிலேயே அயல்வாடை வீசும் படிவத்தை வாசகர் எவ்வளவு நம்புவார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

வாடையோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். சில சொற்கள் விடையையே புரட்டிவிடும். ஒவ்வாமை பற்றிய கேள்வியில் ‘தூதோ’ என்று இருந்தால் பெருநிலப் பகுதியினர் உருளைக்கிழங்கை நினைப்பார்கள். தைவானில் அது மரபாக நிலக்கடலையைக் குறிக்கும் சொல். எந்த உணவு ஒவ்வாது என்று கேட்கும் இடத்தில் இந்தக் குழப்பம் எவ்வளவு ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டில் உங்களோடு வசிப்பவர் யார் என்ற கேள்விக்கான விடைப்பட்டியலில் ‘ஐரென்’ என்று அச்சிட்டால், பெருநிலப் பகுதி முதியவர் அதை இயல்பாகக் கணவன் அல்லது மனைவி என்று எடுத்துக்கொள்வார். தைவானிலோ ஹாங்காங்கிலோ அது காதலரைக் குறிக்கும் என்பதால் திகைப்பார். இவற்றையெல்லாம் விட எனக்கு வியப்பளிப்பது ‘வோசின்’. வடசீனத்தில் அதற்கு உள்ளுக்குள் குமைவது என்று பொருள். தைவானில் நெஞ்சம் நெகிழும் இதம் என்று பொருள். மனநலப் படிவத்தில் அதை வைத்தால், ஒரே கட்டத்தில் விழும் இரண்டு குறிகளும் எதிரெதிரானவை.

சிங்கப்பூருக்கு வேறொரு எச்சரிக்கை. அங்கும் எளிமையாக்கப்பட்ட எழுத்துத்தான். ஆனாலும் பெய்ஜிங் படிவத்தில் மிதிவண்டிக்கு ‘ஸிஷிங்சே’ என்றிருப்பது, ‘ஜியோச்சே’ என்று சொல்லிப் பழகிய சிங்கப்பூர் முதியவருக்குப் புரியும் என்றாலும் அந்நியமாகவே ஒலிக்கும்.

கேள்வி: சீனம் பேசுவோர் எல்லாருக்கும் எழுத்துச் சீனம் ஒன்றே என்கிறார்கள். அப்படியானால் ஹாங்காங்கில் வழங்கும் கான்டனீஸ் பேசும் முதியவருக்குத் தனியாக ஏன் ஒரு படிவம்?

பதில்: தாமே படித்து நிரப்புபவராக இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. படிக்கத் தெரியாதவருக்கும் பார்வை மங்கியவருக்கும் வாசித்துக் காட்டும்போதுதான் பிரச்சினை. எழுத்தில் உள்ளதை அப்படியே கான்டனீஸ் ஒலிப்பில் வாசித்தால் அது யாரும் பேசாத மொழியாக இருக்கும். ‘அவர்கள்’ என்பதற்கு எழுத்தில் ஒரு சொல், பேச்சில் ‘கோய்தே’ என்ற வேறொரு சொல். ‘இல்லை’ என்பதற்கும் அப்படியே. ஆகவே வாசிப்பவர் அந்தந்தக் கணத்தில் மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பேசுவார்; பத்துப் பேர் வாசித்தால் பத்து வினாப்படிவங்கள் உருவாகும். பேச்சு வடிவத்தை முன்கூட்டியே எழுதி, எல்லாரும் அதையே பேச வேண்டும் என்று வகுப்பதே வழி. ஹாக்கியன், தியோச்சூ போன்ற தென்சீனப் பேச்சுமொழிகளில் பல பேச்சுச் சொற்களுக்கு ஊரறிந்த எழுத்துவடிவம் இல்லை என்பதால், நல்ல குரலில் ஒருமுறை பதிவு செய்து ஒலிக்கவிடுவது இன்னும் பாதுகாப்பானது. சிங்கப்பூரில் மாண்டரின் (பொதுச்சீனம்) பேசுவோம் என்னும் இயக்கம் 1979-இல்தான் தொடங்கியது; அதற்கு முன்பே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டவர்கள் தம் நோயை எந்த மொழியில் சொல்வார்கள் என்று முதலில் கேட்டறியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ‘இரவில் தூக்கம் வரவில்லையா?’ என்று கேட்டால், தூங்காதவர் சீனத்தில் ‘ஆமாம்’ என்பார், நாமும் அப்படித்தான் சொல்வோம். ஆங்கிலத்தில் அதே விடை ‘இல்லை’ என்றாகும். ஆங்கிலப் பயிற்சி பெற்றவர் விடையைக் கணினியில் ஏற்றும்போது தலைகீழாகப் பதியும் வாய்ப்பு இங்கே அதிகம். எதிர்மறைக் கேள்விகளைக் கூடியவரை நேர்மறையாக்கிவிடுங்கள்.

கேள்வி: உளவியல் மாணவி நான். சீனர்கள் மனச்சோர்வை மறைத்து உடல் உபாதையாகச் சொல்வார்கள் என்று வகுப்பில் கற்றேன். அப்படியானால் மனச்சோர்வுப் படிவங்களால் அவர்களிடம் என்ன பயன்?

பதில்: ‘மறைத்து’ என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன். இந்தக் கருத்துக்கு வலுவூட்டிய ஆய்வு, அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1982-இல் வெளியிட்டது. சீனாவின் ஹுனான் மாநிலத்தில் ‘ஷென்ஜிங் ஷுவாய்ரோ’, அதாவது நரம்புத் தளர்ச்சி என்று கண்டறியப்பட்ட 100 பேரை அவர் ஆராய்ந்தபோது, அவர்களில் 87 பேருக்கு அமெரிக்க வரையறைப்படி பெரும் மனச்சோர்வு இருந்தது. கவனியுங்கள்: அவர்கள் மருத்துவரிடம் தலைவலி, தூக்கமின்மை, களைப்பு என்று முறையிட்டு வந்தார்கள், கேட்ட பிறகு மனத்தின் துன்பத்தையும் சொன்னார்கள். எதை முதலில் சொல்வது என்பது வேறு, எதை உணர்கிறோம் என்பது வேறு. தானாகச் சொல்லாததையும் கேட்டுப் பெறுவதற்கே படிவம் இருக்கிறது என்பதால், உங்கள் கேள்விக்கு என் விடை, பயன் உண்டு என்பதே.

ஆனால் கேட்கும் சொல் சரியாக இருக்க வேண்டும். ‘யியூ’ என்னும் மனச்சோர்வுக்கான சொல் மருத்துவமனை வாசம் கொண்டது. அதைக் கண்டதும் ‘நான் ஒன்றும் பைத்தியம் இல்லை’ என்று ஒதுங்குபவர் உண்டு. ‘மென்’ என்ற சொல்லோ வீட்டுச்சொல். அதன் எழுத்தில் ஒரு கதவு, கதவுக்குள் ஓர் இதயம். காற்றில்லாத அறைக்கும், அடைத்த நெஞ்சுக்கும், திறக்காத மனத்துக்கும் அது ஒன்றே பெயர். ‘ஃபான்’ என்னும் எரிச்சலுக்கான எழுத்தில் தலைக்குப் பக்கத்தில் நெருப்பு எரிகிறது. இத்தகைய சொற்களில் உடல் எங்கே முடிந்து மனம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது.

மனச்சோர்வை அளக்கும் சிஇஎஸ்-டி என்னும் 20 கேள்விப் படிவம் 1977-இல் வந்தது. மனநிலைக் கேள்விகளும் உடற்கேள்விகளும் தனித்தனிக் கொத்துகளாகப் பிரியும் என்பது அதன் எதிர்பார்ப்பு. 1980-களில் சான் பிரான்சிஸ்கோ சீனர்களிடம் அதைக் கொண்டுசென்றபோது அவை இரண்டும் ஒன்றாகவே திரண்டன. அந்தப் படிவத்தில் நான்கு கேள்விகள் நேர்மறையானவை. ‘மற்றவர்களுக்கு நான் எவ்விதத்திலும் குறைந்தவன் அல்லன் என்று உணர்ந்தேன்’ என்பது அவற்றுள் ஒன்று. தன்னை உயர்த்திப் பேசுவது நாகரிகம் அன்று என்று வளர்ந்த ஒருவர் இதற்கு அடக்கமாக ‘எப்போதாவது’ என்று குறித்தால், அவருடைய பணிவு சோர்வு மதிப்பெண்ணாகக் கூடிவிடும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், இந்த நான்கு கேள்விகளின் விடைகளைத் தனியே எடுத்துப் பாருங்கள் என்பது என் அறிவுரை.

கேள்வி: நினைவாற்றல் சோதனைகளைக் கூட மொழிபெயர்க்க முடியுமா? அவற்றில் எழுத்துக்கூட்டுவதெல்லாம் வருகிறதே.

பதில்: இங்கே மொழிபெயர்ப்பு அறவே உதவாது, மாற்றுதான் தேட வேண்டும். 1975-இல் வெளியான எம்எம்எஸ்இ, 30 மதிப்பெண் கொண்ட குறுஞ்சோதனை. அதில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டும் ஒரு மாற்றுக் கேள்வி உண்டு. எழுத்துக்கூட்டலே இல்லாத மொழியில் அதற்கு இடமில்லை, 100-லிருந்து ஏழேழாகக் கழிப்பது மட்டுமே மிஞ்சும். நாப்பிறழ் தொடர் ஒன்றைத் திருப்பிச் சொல்லும் கேள்விக்கு மாண்டரினில் ‘நாற்பத்து நான்கு கற்சிங்கங்கள்’ வந்தது: ‘ஸிஷிஸி ஜீ ஷிஷீஸி’. சொல்லிப் பாருங்கள், நாக்கு படும் பாடு தெரியும். ஆனால் தென்பகுதியினர் பலர் பேச்சில் ‘ஸ’, ‘ஷ’ வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அவர்கள் தடுமாறினால் மூளையின் குறையா, ஊர்ப்பேச்சின் இயல்பா என்பதைச் சோதிப்பவர் அறிந்திருக்க வேண்டும். கான்டனீஸ் வடிவத்தில் சிங்கங்களுக்குப் பதிலாகத் தாயின் சகோதரியின் கணவர் மீன்குடல் வாங்குகிறார். அந்த மொழியில் அந்த வாக்கியம் எதுகையோடு ஒலிக்கும்.

எம்ஓசிஏ என்னும் இன்னொரு குறுஞ்சோதனையில் 1, அ, 2, ஆ என்பதுபோல எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிழுக்க வேண்டும். சீனத்தில் அகரவரிசை இல்லை என்பதால், பழைய காலக்கணிப்பின் ‘ஜியா, யி, பிங், திங், வூ’ என்னும் வரிசையை வைத்தார்கள். பள்ளி சென்றவருக்கு அது மனப்பாடம். செல்லாதவருக்கு அதுவே ஒரு தடை.

வெட்டுப்புள்ளியும், அதாவது மேற்பரிசோதனை தேவை என்று முடிவுசெய்யும் மதிப்பெண் எல்லையும், மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஷாங்காய் ஆய்வுகளிலிருந்து பரவிய வழக்கப்படி, எம்எம்எஸ்இ-யில் பள்ளி செல்லாதவருக்கு 17, தொடக்கப்பள்ளி வரை படித்தவருக்கு 20, அதற்கு மேல் படித்தவருக்கு 24, இந்த மதிப்பெண்ணோ அதற்குக் குறைவோ பெற்றால்தான் மேற்பரிசோதனை. ஒரே எண்ணை எல்லாருக்கும் பொருத்தினால், எழுதப்படிக்கத் தெரியாத ஆரோக்கியமான பாட்டிகளையெல்லாம் மறதிநோயாளர் பட்டியலில் சேர்த்துவிடுவோம்.

கேள்வி: வயது, எடை, குடும்பத்தில் யாருக்கு நோய் என்பன போன்ற எளிய கேள்விகளிலாவது நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முடியாது! ‘ஷூசுய்’ என்னும் மரபுக் கணக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது. சீனப் புத்தாண்டு வந்ததும் இன்னொரு வயது கூடும். புத்தாண்டுக்கு முந்தைய வாரம் பிறந்த குழந்தை பத்தே நாளில் இரண்டு வயதாகிவிடும். எனவே வயதைக் கேட்காமல் பிறந்த தேதியைக் கேளுங்கள். அது ஆங்கில நாட்காட்டியா, சந்திர நாட்காட்டியா என்றும் கேளுங்கள். தைவானில் ஆண்டுக்கணக்கு 1912-ஐ முதலாண்டாகக் கொண்டது. அங்கே ஒருவர் ‘39’ என்று எழுதினால் அவர் பிறந்தது 1950. அதை 1939 என்று ஏற்றிவிட்டால் ஒரே நொடியில் பதினோரு வயது கூடிவிடும்.

‘ஜின்’ என்னும் எடையளவு பெருநிலப் பகுதியில் 500 கிராம், தைவானில் 600 கிராம், ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ஏறத்தாழ 605 கிராம். மது பற்றிய கேள்வியில் வரும் ‘லியாங்’ பெருநிலப் பகுதியில் 50 கிராம், தைவானில் 37.5 கிராம். படத்தில் கோப்பையையும் கிண்ணத்தையும் வரைந்து காட்டுவது எல்லாவற்றிலும் எளிது.

உறவுமுறையில் மட்டும் சீனம் நமக்கு உதவி செய்கிறது. பெரியப்பா என்று நாம் சொன்னால் அவர் தந்தையின் அண்ணனாகவும் இருக்கலாம், பெரியம்மாவின் கணவராகவும் இருக்கலாம். சீனத்தில் முன்னவர் ‘போபோ’, பின்னவர் ‘யிஜாங்’. பரம்பரை நோயைப் பற்றிக் கேட்கும்போது இரத்த உறவு எது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலப் படிவத்தில் இருக்கும் ஒற்றைச் சொல்லைப் பார்த்து அதை மழுங்கடித்துவிடாதீர்கள்.

மருந்து பற்றிய கேள்வியைக் கட்டாயம் இரண்டாகப் பிரிக்கவும்: மேலை மருந்து, சீன மருந்து. பொதுவாகக் கேட்டால் தினமும் மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் குடிப்பவரும் ‘மருந்து ஒன்றும் சாப்பிடுவதில்லை’ என்று மனசாட்சிப்படி சொல்லக்கூடும்.

கேள்வி: இவ்வளவு இடர்ப்பாடு இருக்க, சீனர்களுக்கென்று புதிதாகவே ஒரு படிவம் எழுதிவிடலாமே? இருப்பதில் நாங்களே கேள்விகளைச் சேர்ப்பது முறையா?

பதில்: எழுதியிருக்கிறார்கள். சீன மரபு மருத்துவக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு ஹாங்காங்கில் உருவான 50 கேள்விப் படிவம் 2005-இல் வெளியானது. முகப்பொலிவு, உறக்கம், பசியும் செரிமானமும், தட்பவெப்ப மாற்றத்தைத் தாங்கும் திறன் ஆகியவை அதில் தனித்தனிப் பிரிவுகள். பருவம் மாறும்போது உடல் என்ன சொல்கிறது என்று கேட்க ஆங்கிலப் படிவம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆயினும் இத்தகைய படிவத்தால் வரும் இழப்பு என்னவெனில், உங்கள் எண்ணைப் பிற நாடுகளின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

நடுவழியும் ஒன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரக் குறும்படிவத்தில் 26 கேள்விகள். தைவான் வடிவத்தில் 28. ‘முகமுடையவராக, மதிக்கப்படுபவராக உணர்கிறீர்களா?’ என்பதும், ‘உண்ண விரும்பும் உணவு உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிறதா?’ என்பதும் அங்கே சேர்க்கப்பட்டவை. மானத்தையும் சாப்பாட்டையும் கேட்காமல் வாழ்க்கைத் தரத்தை அளக்க முடியாது என்று அவர்கள் கருதியது எனக்கு மிகச் சரியாகவே படுகிறது.

நீங்கள் சேர்ப்பதானால், முதலில் உரிமத்தைப் பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவம் அனுமதியின்றி எவரும் பயன்படுத்தக் கூடியது. எஸ்எஃப்-36, எம்எம்எஸ்இ ஆகியவற்றுக்கு உரிமம் வேண்டும், சொற்களை மாற்றவும் உரிமையாளரின் இசைவு வேண்டும். கூடுதல் கேள்விகளை, தைவானில் செய்ததுபோல, கடைசியிலேயே வையுங்கள். நடுவில் செருகினால் முன்னது பின்னதன் விடையைச் சாய்க்கும். மூலக் கேள்விகளின் மதிப்பெண்ணையும் தனியே கணக்கிட்டு வெளியிடுங்கள்.